துக்கம் கேட்க வந்தவர்கள்

பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வெடித்த மறுநாள் துக்க வீட்டுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ‘போன ஜென்மத்துப் பாவம், யாரைச் சொல்லி என்ன’ என்பவர் ஒருவர். ‘வருசா வருசம் சட்டி எடுத்தியே, உன் ஆத்தா எங்கே போனா?’ என்பவர் இன்னொருவர். இருவரும் வேண்டியவர்கள்தான். அதனால்தான் சுருக்கென்று தைக்கிறது.

இரண்டாமவர் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1931-இல் சுயமரியாதை மாநாடு கூடிய ஊர் விருதுநகர். அதே ஊரில்தான் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் விழாவில் மஞ்சள் உடுத்தி, வேப்பிலையை அண்டக் கொடுத்து, கொழுந்துவிட்டு எரியும் அக்கினிச்சட்டியை ஏந்தி வருகிறார்கள். இருபத்தோரு சட்டி எடுப்பவர்களும் உண்டு. பட்டாசுத் தீயில் பிள்ளையைப் பறிகொடுத்த கையும் சட்டி ஏந்தும். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. தன்னைச் சுட்டதையே எடுத்துப்போய் அவள் முன்னால் நிற்பது பணிவு மட்டும்தானா? அதில் கொஞ்சம் வழக்கும் இருக்கிறது.

முதலாமவரிடம்தான் எனக்குக் கோபம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள். ஓடிப்போனதற்கு எந்த ஜென்மத்துக் கணக்கு? 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இந்த வட்டாரத்து விபத்துகளின் காரணங்கள் ஊருக்கே மனப்பாடம்: மருந்து உராய்வு, ஓர் அறைக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள், உள்குத்தகை. விதி என்று சொன்ன நிமிடமே இதெல்லாம் மறைந்துவிடுகிறது. பாவம் செத்தவர் தலையில் ஏறுகிறது.

சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தேவாலயங்களில் யோபுவின் கதை தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தவரிடம் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இது வராது. யோபு அடங்கிப்போகவில்லை, கடவுளிடமே நியாயம் கேட்டார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த மூவரைத்தான்.

நம்பிக்கையை விடாதவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் தப்புக் கணக்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் சேர்க்கத் தடை போட்டபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலி இல்லாத அந்த நாட்களில் வேலை கேட்டு வீதிக்கு வந்தவர்களும் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறவர்களும் வேறு வேறு ஆட்களா என்ன?

சிவகாசிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வந்த அதே 1923-இல்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. ஆனால் உள்குத்தகையில் வேலை பார்த்தவர் பெயர் பெரும்பாலும் பதிவேட்டில் ஏறுவதில்லை. அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்கவே ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்த அலைச்சலில் கூடப்போகலாம் என்று ஏனோ தோன்றுவதில்லை.