அலுவலகப் பணியும் டிரையத்லானும்: ஒரு வாரத்தின் வரவு செலவு

அந்தமான் தீவுகள் நாட்டின் கிழக்கே வெகு தொலைவில் இருந்தாலும் இந்தியா முழுமைக்குமான ஒரே நேரத்தையே பின்பற்றுகின்றன. ஆகவே, ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட நகரில், ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே பொழுது விடிந்துவிடுகிறது. டிசம்பரிலோ மாலை 5 மணிக்கே சூரியன் மறைகிறது. கிளைப் பணி முடிந்து வெளியே வரும்போது இருள் சூழ்ந்திருக்கும். நாற்பத்து நான்காம் வயதில், இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டை எட்டிவிட்டது என்று மருத்துவர் எச்சரித்தபோது, உடற்பயிற்சிக்கு எனக்கு எஞ்சியிருந்தது காலை வெளிச்சம் மட்டுமே. அந்த வெளிச்சமே என்னை டிரையத்லான் என்னும் போட்டியிடம் அழைத்துச் சென்றது.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிப்பதே டிரையத்லான். உடை மாற்றவும் காலணி அணியவும் ஆகும் நேரமும் போட்டி நேரத்திலேயே சேரும். தொடக்க நிலையான ‘ஸ்பிரிண்ட்’ பிரிவில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. மிதிவண்டி, 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் பிரிவில் இவை இருமடங்கு. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் இது முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மிகக் கடினமான ‘அயர்ன்மேன்’ பிரிவில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம்.

அயர்ன்மேன் பிறந்ததும் ஒரு தீவில்தான். 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் நிறைவு செய்தனர். அதைத் தொடங்கிய ஜான் காலின்ஸ், பணியிலிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி. தாமும் போட்டியிட்டு 17 மணி நேரத்துக்குச் சற்றே மேல் எடுத்து முடித்தார். நம் நாட்டிலும், மகாராஷ்டிரக் காவல்துறை உயர் அதிகாரி கிருஷ்ண பிரகாஷ் 2017-இல் பிரான்சில் அயர்ன்மேன் போட்டியை நிறைவு செய்தார். ஆகவே இது முழுநேர விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று.

எனினும் நேரம் எங்கிருந்து வரும்? வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்கிட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி வீதம் உறக்கம் 49. பயணம் உட்பட அலுவலகம் ஏறத்தாழ 55. மீதம் 64. குடும்பம், கடைவீதி, ஓய்வு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். இதில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்கினேன். திங்கள், புதன் ஓட்டம். செவ்வாய், வெள்ளி நீச்சல். இந்நான்கு நாள்களும் 45 நிமிடம். வியாழன் ஒரு மணி நேரம் மிதிவண்டி. வங்கி விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேர மிதிவண்டியும், இறங்கியவுடன் 20 நிமிட ஓட்டமும். மிதிவண்டியை விட்டு இறங்கும்போது கால்கள் கனத்துப் போகும். அதற்குப் பழக்கவே இந்தச் சேர்க்கைப் பயிற்சி. மொத்தம் 6 மணி 20 நிமிடம்.

தீவில் இதற்கு வசதிகளும் உண்டு, எச்சரிக்கைகளும் உண்டு. நகரிலிருந்து சிடியாதாப்பு செல்லும் மேடுபள்ளமான சாலை மிதிவண்டிக்கு ஏற்றது. கார் நிக்கோபாரின் ஈசோவ் ஆல்பன் 2018-இல் இளையோர் உலக மிதிவண்டிப் போட்டியில் வெள்ளி வென்றதிலிருந்து இங்குள்ள சிறுவர்களுக்கும் இவ்விளையாட்டில் ஆர்வம் மிகுதி. கடலில் நீந்துவது வேறு செய்தி. அலையாத்திக் காட்டு ஓடைகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. நிர்வாகம் அனுமதித்த இடத்தில், துணையுடன் மட்டுமே நீந்த வேண்டும். நான் பெரும்பாலும் நீச்சல் குளத்திலேயே பயின்றேன்.

முதல் ஆண்டு தோல்வியே கண்டேன். மார்ச் மாத ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பில் மூன்று வாரப் பயிற்சி தவறியது. அதை ஈடுசெய்ய ஏப்ரலின் முதல் ஞாயிறன்று 18 கி.மீ. ஓடினேன். முழங்கால் வீங்கி, இரண்டு மாதம் ஓட இயலவில்லை. செலுத்திய பதிவுக் கட்டணமும் வீணாயிற்று. தவறிய தவணைகளை ஒரே நாளில் கட்டிவிடலாம். தவறிய பயிற்சியை அவ்வாறு கட்ட முடியாது. தொடர் வைப்பில் சிறு தொகை மாதந்தோறும் சேர்வது போல், உடலிலும் ஒழுங்கே பலன் தரும். இப்போது மார்ச், செப்டம்பர் மாதங்களில் பயிற்சியை முன்கூட்டியே பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

அதைவிடப் பெரிய பிழையை என் மகள் சுட்டிக்காட்டினாள். “ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்கு ஆபீஸா அப்பா?” என்று கேட்டாள். நான் ஓடிய நேரம் அவளுடைய நேரம் என்பதை அதுவரை என் கணக்கில் எழுதவே இல்லை. அன்று முதல் ஞாயிறு முழுவதும் குடும்பத்துக்கே. வாரத் திட்டத்தை மனைவியின் ஒப்புதல் பெற்ற பின்னரே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுகிறோம்.

தொடங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. நாற்பதைக் கடந்தவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாதாரண மிதிவண்டியே போதும். விலையுயர்ந்த வண்டியைக் கடன் அட்டையில் வாங்காதீர்கள். ஓராண்டு பயிற்சியில் நிலைத்த பின், சேமித்து வாங்கலாம். சில விபத்துக் காப்பீடுகளில் விளையாட்டுப் போட்டிகளுக்கு விலக்கு உண்டு. நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். உறக்கத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டாதீர்கள்.

மறு ஆண்டு சென்னைக்கு விமானத்தில் சென்று ஸ்பிரிண்ட் போட்டியில் கலந்துகொண்டேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, கடைசி வரிசையினருள் ஒருவனாக முடித்தேன். சர்க்கரை அளவு இப்போது எல்லைக்குள் இருக்கிறது. போட்டி அனைவருக்கும் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. உங்கள் 168 மணி நேரத்தில் அந்த இரண்டரை மணி எங்கே இருக்கிறது என்பதை, வீட்டாருடன் அமர்ந்து, இந்த வாரமே கணக்கிட்டுப் பாருங்கள்.