முதல் வேலை – 9: விரிசல் விட்ட கப்பைப் பற்றிப் பேசுங்கள்

விருத்தாசலம் அரசு செராமிக் கல்லூரியில் டிப்ளமோ முடிக்கும் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குப் பெரிய கையிருப்போடுதான் போகிறார்கள். அது கையிருப்பு என்று அவர்களுக்கே தெரியாததுதான் என் வருத்தம்.

டைல்ஸ், சானிட்டரிவேர் செய்யும் பெரிய கம்பெனிகளில் தேர்வு காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை நீள்வதுண்டு. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ், கிளேஸ் என்று பாடத்தில் கேட்டால் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். அடுத்து எச்.ஆர். அதிகாரி, "நீங்கள் செய்த வேலை கெட்டுப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்பார். "சூப்பர்வைசர் சொன்னது தப்பு என்று பட்டபோது என்ன செய்தீர்கள்?" என்பார். அங்கேதான் திணறல். "டீம் ஒர்க்தான் சார் முக்கியம்" என்று பொதுவாக எதையோ சொல்லி வைக்கிறார்கள்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த உளவியலாளர் ஜான் பிளானகன், வேலையில் உண்மையாக நடந்த சம்பவங்களைக் கேட்டுத் திரட்டும் முறையை 1954-ல் விரிவாக எழுதினார். அப்படி நடந்ததைக் கேட்பது, வழக்கமான நேர்காணலைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று 1982-ல் டாம் ஜான்ஸ் தன் ஆய்வில் காட்டினார். ஆக, எச்.ஆர். அதிகாரி கேட்பது உங்கள் கருத்தை அல்ல, நீங்கள் செய்ததை.

செராமிக் மாணவருக்கா சம்பவத்துக்குப் பஞ்சம்? பிளாஸ்டர் அச்சில் ஸ்லிப் என்கிற களிமண் குழம்பை ஊற்றி வார்த்த கப்புக்குப் பிடி ஒட்டுகிறோம். சூளையிலிருந்து வரும்போது ஒட்டிய இடத்தில் விரிசல். கப் ஈரமாக இருந்தது, பிடி முன்பே காய்ந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவில் சுருங்கவில்லை. இதை முதலில் கவனித்தது யார்? பிடியை ஈரத்துணி போட்டு மூடி வைக்கலாம் என்றது யார்? அவசர ஆர்டர், அதற்கெல்லாம் நேரமில்லை என்று மேஸ்திரி சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அடுத்த லோடில் எத்தனை கப் தேறியது? இவ்வளவையும் நடந்த வரிசையில் சொன்னாலே அது முழுப் பதில்.

மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது குறுக்குக் கேள்வியைத் தாங்காது. பயிற்சிக்குப் போன தொழிற்சாலை, செய்முறைக் கூடம், தொழிற்பேட்டையில் அகல் விளக்கு வார்க்கும் சொந்தக்காரர் பட்டறை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து ஐந்தாறு சம்பவங்களை நோட்டில் எழுதுங்கள். பிறகு வீட்டில் அக்காவையோ மாமாவையோ உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். செராமிக் தெரியாதவரே நல்லது, எச்.ஆர். அதிகாரிக்கும் அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கைத் தனியே பிரித்துச் சொல்லக் கூச்சம் வேண்டாம். நம் பிள்ளைகளில் பலர் தோற்பது இந்த அடக்கத்தால்தான்.

மதியத்துக்கு மேல் இன்னொரு குழு அதே சம்பவத்தை மறுபடி கேட்கலாம். காலையில் சொன்ன எண்ணிக்கையையே சொல்லுங்கள். எண்ணிக்கை நினைவில்லை என்றால், அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)