‘வினாடிக்கு 5,000 கன அடி’: ஆற்றுத் தண்ணீரை எப்படி அளக்கிறார்கள்? கணக்கு எங்கே பிசகும்?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. 16-ம் தேதி கல்லணை திறக்கப்பட்டது. அதன்பிறகு தினமும் உங்கள் போனுக்கு வரும் செய்தி ஒன்றுதான்: ‘நீர்திறப்பு வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’.

கடைமடையில் கேட்கும் பேச்சு வேறு. “திறந்தாச்சுன்னு சொல்றாங்க, வாய்க்கால்ல தண்ணியக் காணோமே” என்பார்கள். இரண்டில் எது உண்மை? பல நேரம் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வழியில் தண்ணீர் குறைவது ஒரு காரணம். அளவே பிசகியிருப்பது இன்னொரு காரணம்.

ஒரு எண், எவ்வளவு தண்ணீர்?

ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி சேரும்.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகவும் கணக்கு உண்டு. இந்தத் தண்ணீர் அளக்கப்படும் இடம், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் இறுதியில், 15 நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கன அடி திறக்க வேண்டும் என்று உத்தரவானது. பெருக்கிப் பார்த்தால் 6.48 டிஎம்சி. இதில் அளவு வெறும் 5 சதவீதம் பிசகுவதாக வைத்துக்கொள்வோம். அது 0.32 டிஎம்சி. ஒரு போக நெல்லுக்கு வயலில் நான்கு அடி உயரத் தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட்டால், சுமார் 1,850 ஏக்கருக்கான தண்ணீர் அது.

ஆற்றுக்கு மீட்டர் கிடையாது

வீட்டுக் குழாயில் இருப்பதுபோல ஆற்றில் மீட்டர் மாட்ட முடியாது. அதனால் ஆற்றின் குறுக்கே அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் நீரின் வேகத்தையும் அளக்கிறார்கள். வேகத்தை அளக்கும் கருவி ‘கரண்ட் மீட்டர்’. கிண்ணங்களோ விசிறியோ நீரோட்டத்தில் சுற்றும். எத்தனை சுற்று என்று எண்ணினால் வேகம் தெரியும். பொதுவாக மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் அளப்பார்கள். ஆழம் அதிகமென்றால் 0.2, 0.8 பங்கு ஆழங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். இப்போது ஒலி அலையை அனுப்பி, நீரில் மிதந்து வரும் துகள்களில் பட்டுத் திரும்புவதை வைத்து வேகம் சொல்லும் கருவிகளும் உண்டு.

இதைத் தினமும் எல்லா வாய்க்காலிலும் செய்ய முடியாது. ஆகவே ‘ஸ்கேலில் இத்தனை அடி இருந்தால், இத்தனை கன அடி ஓடுகிறது’ என்று ஒரு அட்டவணை தயாரித்துவிடுகிறார்கள். அப்புறம் அன்றாடம் பார்ப்பது ஸ்கேலை மட்டும்தான். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

300 கன அடி 262 ஆவது எப்படி?

50 அடி அகல வாய்க்கால். ஆழம் 4 அடி, வேகம் வினாடிக்கு 1.5 அடி. பெருக்கினால் 300 கன அடி. அட்டவணையில் அப்படியே எழுதியாயிற்று. இரண்டு பருவம் கழித்து அடியில் அரை அடி வண்டல் சேர்கிறது. ஸ்கேல் பழையபடி 4 அடி காட்டும்; நிஜ ஆழம் மூன்றரை. வேகம் மாறவில்லை என்றே கொண்டாலும் ஓடுவது 262 கன அடிதான். எட்டில் ஒரு பங்கு தண்ணீர் தாளில் மட்டும் ஓடுகிறது.

ஆகாயத்தாமரை இன்னும் மோசம். கீழே அது அடைத்துக்கொண்டால் ஓட்டம் குறையும். ஆனால் தண்ணீர் தேங்குவதால் மட்டம் ஏறும். ஸ்கேலைப் பார்ப்பவருக்கு ‘தண்ணி ஜாஸ்தி’. கடைமடைக்கோ ஒன்றும் இல்லை.

எங்கே பழுது பார்ப்பது?

முதலில் ஸ்கேல். பாசி படிந்து எண் மறைந்திருக்கிறதா, வெள்ளத்தில் சாய்ந்துவிட்டதா, அதன் பூஜ்யம் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையோரக் கிணற்றில் மிதவை வைத்து மட்டம் பார்க்கும் இடங்களில், ஆற்றிலிருந்து கிணற்றுக்கு நீர் வரும் குழாயில் சேறு அடைத்தால், ஆறு இறங்கினாலும் கருவி பழைய மட்டத்தையே காட்டும்.

அடுத்தது கரண்ட் மீட்டர். காற்றுப்படாத இடத்தில் கையால் சுற்றிவிட்டால் அது மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் பேரிங்கில் மணல் புகுந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு நாளும் அளந்து முடித்ததும் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, கருவியைத் தெரிந்த வேகத்தில் நீர்த்தொட்டியில் இழுத்துச் சரிபார்க்க வேண்டும். புனேயில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வசதி இருக்கிறது.

மூன்றாவது அட்டவணை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், தூர்வாரிய பிறகும் அடிமட்டத்தை மறுபடி அளந்து திருத்த வேண்டும். வாய்க்காலைத் தூர்வாரிவிட்டுப் பழைய அட்டவணையையே வைத்திருந்தால், இப்போது கணக்கு எதிர்த்திசையில் பிசகும்.

கடைசியாக வரவு செலவு. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வந்த தண்ணீரும் நான்கிலும் போன தண்ணீரும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மேட்டூர்க் கணக்கோடு ஒப்பிட்டால் பயண நாட்களையும் வழியில் சேரும் பவானி, அமராவதி நீரையும், இடையில் எடுப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழாயிலும் இதே கதைதான்

குடிநீர்க் குழாய்களிலும் ஆலைகளிலும் மின்காந்த ஃப்ளோ மீட்டர் இருக்கும். இது ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்தூண்டல் விதியில் வேலை செய்கிறது. குழாய் முழுக்க நிரம்பாவிட்டால், உள்ளே காற்று இருந்தால், மின்முனையில் படிவு சேர்ந்தால், எர்த்திங் சரியில்லாவிட்டால் அளவு தப்பும். எளிய சோதனை ஒன்று உண்டு: குழாய் நிரம்பியிருக்கும்போது வால்வை மூடுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வால்வு கசிகிறது, அல்லது மீட்டரில் கோளாறு.

உங்கள் ஊர் வாய்க்காலின் மதகுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்கேல் நின்றுகொண்டிருக்கலாம். அதன் அட்டவணை கடைசியாக எந்த ஆண்டு சரிபார்க்கப்பட்டது? 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீர்வளத் துறையிடம் இதை எழுதிக் கேட்கலாம். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில், கடைமடைக்காரர் தன் பங்கை வாதாடிக் கேட்க அந்தத் தேதியும் உதவும்.