ரயிலுக்குப் பணம் திரட்டியவர்

ஒரு ரயில் பாதை போட என்னென்ன வேண்டும்? தண்டவாளம் வேண்டும். கட்டைகள் வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் பணம் வேண்டும்.

அமெரிக்காவில் ரயில் பாதைகளைத் தனியார் கம்பெனிகள் போட்டன. தேவையான பணம் முழுவதும் கம்பெனியிடம் இருக்காது. அதனால் கடன் பத்திரம் வெளியிடும். பத்திரம் வாங்கியவருக்கு வட்டி கிடைக்கும். குறித்த காலத்தில் அசலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் கம்பெனி நொடித்துப் போனால்? போட்ட பணம் போய்விடலாம். எனவே வங்கிக்காரர்கள் முதலில் கம்பெனியின் கணக்கைப் பார்ப்பார்கள். பிறகுதான் பத்திரத்தை விற்றுக் கொடுப்பார்கள். இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர் ஜேக்கப் ஷிஃப்.

பிழைக்க வந்தவர்

ஷிஃப் 1847-இல் பிறந்தார். ஊர், இன்றைய ஜெர்மனியில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட். யூதக் குடும்பம். 18 வயதில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். 1875-இல் நியூயார்க்கில் கூன் லோப் என்ற வங்கியில் சேர்ந்தார். பத்தே ஆண்டுகளில் அதன் தலைவர் ஆனார். யூனியன் பசிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனி 1893-இல் நொடித்தது. 1897-இல் அதைத் தூக்கி நிறுத்தியதில் ஷிஃபுக்குப் பெரும் பங்கு உண்டு.

பத்தில் ஒரு பங்கு

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானத்துக்கு ஒதுக்குவது யூதர்களின் பழைய வழக்கம். ஷிஃப் அதைக் கடமையாகக் கொண்டார்.

அந்தக் காலத்தில் தீராத நோய் உள்ளவர்களைப் பல ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக நியூயார்க்கில் 1884-இல் மான்டிஃபியோர் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஷிஃப் அதன் தலைவர் ஆனார். 35 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. நேரில் சென்று நோயாளிகளைப் பார்த்தார்.

வீடு தேடி வந்த நர்ஸ்

பிற நாடுகளிலிருந்து வந்த ஏழைகள் நியூயார்க்கின் ஒரு பகுதியில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். லில்லியன் வால்ட் என்ற நர்ஸ் 1893 முதல் அங்கே வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். அவருக்கும் உடன் வேலை செய்த நர்சுகளுக்கும் ஷிஃப் 1895-இல் ஹென்றி தெருவில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்.

அப்போது கண் நோய், தோல் நோய் வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வீட்டுக்கு அனுப்பிவிடும். வீட்டில் வைத்தியம் பார்க்க வழி இருக்காது. படிப்பு நின்றுபோகும். 1902-இல் ஹென்றி தெரு நர்ஸ் ஒருவர் பள்ளிகளுக்குச் சென்றார். பிள்ளைகளுக்கு மருந்து போட்டார். தாய்மாருக்கும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தார்கள்.

ஷிஃப் 1920-இல் இறந்தார். மான்டிஃபியோரும் ஹென்றி தெரு இல்லமும் இன்றும் இயங்குகின்றன.

ரயிலுக்குப் பணம் திரட்டும்போது கணக்குப் பார்த்தவர், தானம் கொடுத்த இடத்தையும் போய்ப் பார்த்தார். கொடுப்பது நல்லது. கொடுத்தது உரியவரைச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் நல்லது.

உங்கள் ஊரில் நன்கொடை திரட்டுகிறார்களா? அது யாரைச் சேர்கிறது? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.