கிரீம் பிரிந்து போவது ஏன்?
கடைக்காரர்கள் அறிய வேண்டிய சில விவரங்கள்

கோல்டு கிரீம், வானிஷிங் கிரீம், பாடி லோஷன், பேபி லோஷன் ஆகியவை இல்லாத மளிகைக் கடை இன்று அரிது. கோடைக் காலத்தில் இவற்றுள் சில, "மேலே தண்ணீர் நிற்கிறது", "எண்ணெய் கசிகிறது" என்ற புகாருடன் கடைக்கே திரும்பி வருவதுண்டு. பழைய சரக்கைத் தள்ளிவிட்டதாக வாடிக்கையாளர் எண்ணுகிறார். கம்பெனி தரத்தைக் குறைத்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். சரக்கை வைத்திருந்த இடத்தின் வெப்பமும் இதற்குக் காரணமாகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எண்ணெயையும் நீரையும் இணைப்பது எது?

பெரும்பாலான கிரீம்களும் லோஷன்களும் எண்ணெயும் நீரும் சேர்ந்த கலவைகளே. இவ்விரண்டையும் எவ்வளவு கடைந்தாலும் சற்று நேரத்தில் பிரிந்துவிடும். பிரியாமல் நிறுத்தும் பொருளுக்கு எமல்சிஃபையர் என்று பெயர். தமிழில் பால்மமாக்கி என்பர். இதன் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எனவே நுண்ணிய துளிகளைச் சுற்றி உறை போலப் படிந்து, அவை ஒன்று சேராமல் காக்கிறது. நாம் விற்கும் பாலில் கொழுப்பு பரவி நிற்பதும் இத்தகைய உறையால்தான்.

பழைய முறைக் கோல்டு கிரீமில் தேன்மெழுகும் வெண்காரமும் சேர்ந்து இவ்வேலையைச் செய்தன. வானிஷிங் கிரீமில் ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதி காரத்துடன் சேர்ந்து சோப்பாகி, அதுவே எமல்சிஃபையர் ஆகிறது. இக்காலத் தயாரிப்புகளின் லேபிளில் கிளிசரில் ஸ்டியரேட், பாலிசார்பேட், லெசிதின் முதலிய பெயர்களைக் காணலாம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1911-ஆம் ஆண்டு நிவியா கிரீம் வெளிவந்தது. ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்த யூசெரிட் என்ற எமல்சிஃபையரே அதற்கு அடிப்படை. கெடாமல் நெடுநாள் இருந்ததால் அது தொலைதூரச் சந்தைகளுக்கும் சென்றது. கிரீம் ஒரு கடைச் சரக்காக வளர்ந்ததில் எமல்சிஃபையருக்குப் பெரும் பங்கு உண்டு.

வெப்பம் செய்யும் கேடு

வெப்பம் மிகுந்தால் கலவை இளகும். துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிப் பிரியும். உற்பத்தியாளர்கள் 40 அல்லது 45 டிகிரி வெப்பத்தில் மாதிரிகளை வாரக்கணக்கில் வைத்துச் சோதிப்பது வழக்கம். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர், மதுரை போன்ற ஊர்களில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தகரக் கூரைக் குடோனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டாலும் கலவை உடையும்.

பிரிந்த கிரீமைக் குலுக்கிக் கொடுப்பது தவறு. அதில் கிருமித் தடுப்பான் சமமாகப் பரவி நிற்காது. சருமத்தில் பூசும் பொருள் என்பதால் விற்காமல் தனியே எடுத்து வைத்து, விநியோகஸ்தருக்குத் தெரிவிப்பதே முறை.

சட்டம் சொல்வது

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் சில்லறை வியாபாரிக்கும் பொருந்தும். தரக்குறைவான சரக்கு பற்றி வழக்கு வந்தால், பிரிவு 19(3) நமக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. அதற்கு மூன்றையும் நாம் நிரூபிக்க வேண்டும்: உரிமம் பெற்றவரிடம் வாங்கியது, தக்க கவனத்துடன் பார்த்தும் குறையை அறிய முடியாதது, நம்மிடம் இருந்தவரை முறையாகப் பாதுகாத்து, வாங்கிய நிலையிலேயே வைத்திருந்தது. பில் இல்லாத கொள்முதலும், வெயிலில் அடுக்கிய அட்டைப் பெட்டியும் இந்தப் பாதுகாப்பை இழக்கச் செய்யும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கொள்முதலின்போது உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.

2. வெயில் படும் முகப்பு அலமாரியில் காலி டப்பாக்களை மட்டும் காட்சிக்கு வைக்கவும்.

3. குடோனில் கூரையை ஒட்டி அடுக்காமல், காற்றோட்டமான கீழ்த்தட்டில் வைக்கவும்.

4. கோடைக்கு முன் அளவாகக் கொள்முதல் செய்து, முதலில் வந்ததை முதலில் விற்கவும்.

5. பில்களைப் பேட்ச் எண்ணுடன் கோப்பில் வைக்கவும்.