ஒரு காற்புள்ளி செய்த வேலை



கணினி அறையில் எங்கள் வகுப்புப் பட்டியலைப் பைத்தான் மொழியில் படிக்க வைத்தேன். வரிசை எண், பெயர், ஊர், போன் நம்பர் என்று வரிக்கு நாலு தகவல். கோப்பில் இருந்தது 38 பேர். திரையில் வந்தது 37 பேர்தான். விடுபட்டது என் பக்கத்தில் உட்காரும் தோழி! "நான் இந்த ஸ்கூல்ல இல்லையாடி?" என்று கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏன் இப்படி ஆனது? இது சி.எஸ்.வி. கோப்பு. இதில் ஒரு தகவலையும் அடுத்த தகவலையும் காற்புள்ளிதான் பிரிக்கும். அவள் ஊரை மட்டும் 'ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டம்' என்று அடித்திருந்தோம். நடுவில் ஒரு காற்புள்ளி! அதனால் நாலு தகவல் ஐந்தாகிவிட்டது. 'தப்பு வந்தால் அந்த வரியைத் தாண்டிப் போ' என்று நிரலில் எழுதியது நான்தான். அதுவும் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது.

சரி செய்வது எப்படி?

1. தகவலுக்குள் காற்புள்ளி வந்தால் அந்தத் தகவலை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். பைத்தானுடன் வரும் சி.எஸ்.வி. மாட்யூல் அதை ஒரே தகவலாக எடுத்துக்கொள்ளும். 'ஸ்ப்ளிட்' போட்டு வெட்டினால் மேற்கோளைப் பார்க்காது, வெட்டிவிடும்.

2. ஒவ்வொரு வரியிலும் நாலு தகவல் இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.

3. பழுதான வரியைத் தூக்கிப் போடக் கூடாது. வரி எண்ணோடு தனியாக எழுதி வைக்க வேண்டும்.

4. நல்ல வரி, பழுதான வரி இரண்டையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 பேரின் கொரோனா முடிவுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. ஆய்வகங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்புகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிதான் கொள்ளும். மீதி உள்ளே போகவில்லை. அதனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடுவது தாமதமானது.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒடிஞ்ச குச்சியத் தனியா வச்சாத்தான எத்தன ஒடிஞ்சதுன்னு தெரியும்?" என்றார்கள். இப்போது என் நிரலும் அப்படித்தான் செய்கிறது. பட்டியலில் 38 பேரும் இருக்கிறோம்.

தப்பு வருவது தப்பில்லை. அதை மறைப்பதுதான் தப்பு!

— 9-ஆம் வகுப்பு மாணவி