பத்துக் கிலோமீட்டருக்கு முந்தைய இரவு

ஓடப் பழகுவோம் – 9

"அஞ்சு கிலோமீட்டர் முடிக்கவே நாக்கு தள்ளுது சார், பத்து எப்படி?" ஓடத் தொடங்கி இரண்டு மூன்று மாதமானவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நடைப்பயிற்சியில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஓட்டத்துக்கு மாறி, ஒரு நாளும் விடாமல் வந்தவர்கள்கூட இந்த இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்து, பணமும் கட்டிவிட்டு, முந்தைய இரவு தூக்கம் வராமல் புரண்டு, விடிகாலையில் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கால்களில் எந்தக் குறையும் இல்லை.

இந்தச் சந்தேகத்துக்குத் தைரியம் சொல்வதால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "உங்களால முடியும்" என்று நூறு முறை சொன்னாலும், ஓட ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும்போது அந்தச் சொல் காணாமல் போய்விடும். சந்தேகம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பிறப்பது முதல் கிலோமீட்டரில். பிறக்கக் காரணம் வேகம்.

ஓட ஆரம்பித்த கணத்திலேயே தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு கூடிவிடுகிறது. இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் மூச்சு முட்டும், கால் கனக்கும். அனுபவசாலிகளுக்கும் இது நேரும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று தெரிந்திருப்பதால் அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. புதிதாக ஓடுபவர் இந்த நேரத்தில்தான் கணக்குப் போடுகிறார்: ஒரு கிலோமீட்டருக்கே இப்படி என்றால் பத்துக்கு எப்படி இருக்கும்? கணக்கு போடக் கூடாத நேரம் அது. முதல் பத்து நிமிடம் உடம்பு சொல்வதை வைத்து அன்றைய ஓட்டத்தை எடை போடாதீர்கள்.

இரண்டாவது, நம்மில் பெரும்பாலோர் ஓட வேண்டியதைவிட வேகமாக ஓடுகிறோம். ஓட்டம் என்றாலே பள்ளி விளையாட்டு விழாவின் நூறு மீட்டர்தான் நினைவில் இருக்கிறது. நெடுந்தூரத்துக்கான வேகத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓடுகிறீர்களா, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு அடியும் திணறாமல் வந்தால் அதுதான் உங்கள் வேகம். நடுவில் மூச்சு அறுந்தால் இன்னும் குறையுங்கள். யாராவது வேகமாக நடந்து உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும். தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும் இந்த மெதுவான ஓட்டத்தில் நன்றாகவே நடக்கும். மெதுவாக ஓடுகிறவர் ஏமாற்றவில்லை; தூரத்தைத் தாங்கும் உடம்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் வியர்வை வழிந்தோடுமே தவிர எளிதில் ஆவியாகாது; அதனால் உடல் குளிர்வதில்லை. சூட்டை வெளியேற்ற தோலுக்கு அதிக ரத்தம் போகிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. சித்திரை, வைகாசியில் மார்கழியின் வேகம் வராது. அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம் ஆனதைப் பார்த்து, நாம் பின்னடைந்துவிட்டோம் என்று மனம் உடைய வேண்டாம்.

நடப்பதற்கும் கூச்சப்படாதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர் ஜெஃப் காலவே. 1974-இல் புதியவர்களுக்கு ஓட்ட வகுப்பு எடுக்கத் தொடங்கிய அவர், ஓட்டத்துக்கு நடுநடுவே நடையைச் சேர்த்துக்கொள்ளும் முறையை அவர்களுக்காக வகுத்தார். பிறகு அதே முறையில் எண்ணற்றவர்கள் மாரத்தானே ஓடி முடித்தார்கள். இதில் முக்கியமான விஷயம், களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் நிமிடத்திலிருந்தே வைத்துக்கொண்டால் எட்டாவது கிலோமீட்டரிலும் காலில் தெம்பு மிச்சமிருக்கும். திணறி நின்றவர் நடக்கும்போது தோற்றதுபோல உணர்கிறார். திட்டமிட்டு நடப்பவருக்கு அந்த உணர்வு வருவதில்லை.

இனி மூளைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய உடலியலாளர் ஏ.வி. ஹில், கடும் உழைப்பின்போது இதயம் சேதமாகாமல் காக்க உடலுக்குள் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருக்க வேண்டும் என்று எழுதினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் அந்தக் கருத்தைத் தூசி தட்டி எடுத்து, அந்தக் கட்டுப்பாடு மூளையில் இருக்கிறது என்றார். உண்மையான எல்லைக்கு வெகு முன்பே மூளை எச்சரிக்கை மணி அடிக்கிறது. அதைத்தான் களைப்பு என்கிறோம் என்பது அவர் வாதம். இதை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு, விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் எந்த ஓட்டத்தின் கடைசி இருநூறு மீட்டரிலும் நின்று பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு முன்பு "இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது" என்று முகம் சுளித்தவர், முடிவுக் கோடு கண்ணில் பட்டதும் பாய்ந்து வருவார். தசை உண்மையிலேயே தீர்ந்து போயிருந்தால் இந்தப் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது?

2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் தமக்குத் தாமே ஊக்கச் சொற்கள் சொல்லிக்கொள்ள இரண்டு வாரம் பழகினார்கள். மறுமுறை மிதித்தபோது, களைத்து நிற்கும்வரை அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது. மற்றப் பிரிவினரிடம் அந்த முன்னேற்றம் இல்லை. தைரியம் சொல்வதால் பயனில்லை என்று மேலே எழுதினேனே என்று கேட்கலாம். பிறர் சொல்லும் பொதுவான தைரியத்தைச் சொன்னேன். இது நீங்களே தேர்ந்தெடுத்து, பயிற்சியிலேயே சொல்லிப் பழகிய சொல். "அந்த லைட் கம்பம் வரைக்கும்" போதும். அதை அடைந்ததும் அடுத்த கம்பம்.

ஆனால் எல்லாச் சந்தேகத்தையும் மீறி ஓடக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், காலில் ஒரே இடத்தில் குத்தும் வலி, நடையையே மாற்றிவிடும் வலி இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் வேண்டும். ஆகவே ஞாயிறு ஓட்டத்தை வாரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து பத்துக்குப் போக ஆறு ஏழு வாரம் ஆனால் ஆகட்டும்.

இன்னொரு வகைச் சந்தேகம் வெளியிலிருந்து வந்து நமக்குள் குடியேறுவது. தெருவில் ஓடும் பெண்கள் இதை நன்கு அறிவார்கள். "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்ற ஒரு பேச்சு, மாதக்கணக்கான பயிற்சியை ஆட்டிவிடும். 1966-இல் பாபி கிப் என்ற 23 வயது அமெரிக்கப் பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். இவ்வளவு தூரம் ஓடுவதற்குப் பெண்ணின் உடல் ஏற்றதல்ல என்று பதில் வந்தது. அவருக்குப் பயிற்சியாளர் இல்லை. பெண்களுக்கான ஓட்டக் காலணி கிடைக்காததால் செவிலியர் காலணியில்தான் ஓடிப் பழகியிருந்தார். கலிஃபோர்னியாவிலிருந்து பேருந்தில் நாட்டின் மறு கோடிக்கு வந்து, தொடக்க இடத்துக்கு அருகே புதருக்குள் மறைந்திருந்து, ஆண்கள் புறப்பட்டதும் கூட்டத்தில் கலந்தார். உடன் ஓடியவர்கள் அவர் பெண் என்று கண்டுகொண்டார்கள், ஆனால் விரட்டவில்லை; யாரும் வெளியேற்ற விடமாட்டோம் என்றார்கள். புதுக் காலணி கடித்துக் கால் கொப்புளித்ததால் கடைசி மைல்களில் வேகம் குறைந்தது. ஆனாலும் சுமார் 3 மணி 21 நிமிடத்தில், ஓடிய ஆண்களில் பெரும்பாலோருக்கு முன்பாக முடித்தார். பெண்களைப் பாஸ்டன் அதிகாரபூர்வமாக அனுமதித்தது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. பெண்ணால் முடியாது என்று சொன்னது அந்தக் காலத்தின் மருத்துவமும் நிர்வாகமும். கிப்பின் கால்கள் அப்படிச் சொல்லவே இல்லை.

உங்களைப் பார்த்து யாராவது சிரித்தால், அவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

வரும் ஞாயிறு ஆறு கிலோமீட்டர் ஓடுங்கள். ஐந்தரைக்குள் கிளம்பிவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம். மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பி வரும் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் வாசல் கூப்பிடும். முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முடித்ததும் இளநீர் குடித்துவிட்டு, கடைசிக் கிலோமீட்டர் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பத்துக்கு முந்தைய இரவு எடுத்துப் படிக்க உதவும்.

அடுத்த வாரம் காலணிகளைப் பற்றிப் பார்ப்போம். அதுவரை, விலையுயர்ந்த ஜோடி எதையும் வாங்கிவிடாதீர்கள்.